மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் அப்பா

வண்டியைக் கவனிக்காமல் விட்டுக் கெடுத்தவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அக்கறையாகப் பராமரித்தே கெடுத்தவனைப் பார்க்க வேண்டுமென்றால் கோச்சடைக்கு வரவேண்டும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டிய இடம் பின்னால் வருகிறது. வந்ததும் நானே கை காட்டுகிறேன்.

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பக்கத்து ஷெட்டில், லாரிகளுக்குப் பாடி கட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஊர் ஊராகச் சுற்ற ஆசைப்பட்ட யாரோ ஒருவர், பின்னால் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு வீட்டு டிரெய்லர் செய்து தரச் சொல்லியிருக்கிறார். செய்து முடிப்பதற்குள் அந்த ஆளுக்கு ஆசை தீர்ந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, இரண்டு பக்கமும் நீளமான கண்ணாடி ஜன்னல்களோடு, அது வேப்பமரத்தடியில் அநாதையாக நின்றது. உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு மேடை, உட்கார்ந்து போகிற கழிப்பறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு போய் அதன் படியில் உட்கார்ந்துகொள்வேன். வெள்ளைக்காரர்கள் இதைப் போன்ற டிரெய்லர்களைப் பிக்கப் வண்டியில் மாட்டி, மலையும் ஏரியுமாகப் போகிற வீடியோக்களை போனில் பார்ப்பேன். ஒருநாள் அதை வாங்கிவிட்டேன். இழுக்க ஒரு பிக்கப் வேண்டுமே, அதையும் வாங்கினேன்.

வீட்டில் சொன்ன காரணம் வேறு. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. எங்கே போனாலும் படுத்துக்கொண்டுதான் போக வேண்டும். “எல்லாம் அப்பாவுக்காகத்தான்” என்றேன்.

“மாமாவுக்காகவா?” என்றாள் என் மனைவி கலா. “அவரு தெருமுக்கு வரைக்கும் வரமாட்டேங்கிறாரு. இதுல ஊர் சுத்தப் போறாராக்கும்.”

பிக்கப் பழையது. வெள்ளை நிறம். பல வருடம் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஓடிய வண்டி. அதனால் எந்த மூலையைத் தட்டினாலும் காய்ந்த பூ இதழ் விழும். ஸ்டெப்னி டயரைக் கழற்றினால் கனகாம்பரம். சீட்டைத் தூக்கினால் சம்பங்கி. (முதல் வாரம் கலா அதைப் பெருக்கி எடுத்துச் செடிக்குப் போட்டாள். இரண்டாவது வாரம் என்னைப் பெருக்கச் சொன்னாள்.)

சிம்மக்கல்லில், வைகைக் கரையோரம் பட்டறை வைத்திருக்கும் மீரான் பாயிடம் வண்டியைக் காட்டினேன். அவர் பானெட்டைத் திறந்து, டாக்டர் மாதிரி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

“தம்பி, இது நல்ல வண்டி. ஆனா ரெண்டு கண்டிஷன். மாசம் ஒருதடவ எங்கிட்டக் கொண்டு வந்துரணும்.”

“ரெண்டாவது, பாய்?”

“நடுவுல நீங்க தொடக் கூடாது.”

நான் தொட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொட்டேன். நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஆயில் மட்டம், கூலன்ட் மட்டம், டயர் காற்று என்று எழுதி வந்தேன். வண்டி சூடேறினால் கூலன்ட் ஊற்றினேன். மறுபடி சூடேறினால் மறுபடி ஊற்றினேன். ஏன் சூடேறுகிறது என்று மட்டும் கேட்கவில்லை. பழைய உரிமையாளர் மாட்டியிருந்த ஏர் ஹாரன், மாடு மிரளுகிற மாதிரி அலறியது. அதைக் கழற்றி, சுத்தம் செய்து, தேங்காயெண்ணெய் விட்டு மாட்டினேன். அதன் பிறகு அது அலறவில்லை. “பூ...ம்” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட முனகல்தான் வந்தது. சத்தம் சாந்தமாகிவிட்டதே என்று நோட்டில் ‘ஹாரன் – நலம்’ என்று எழுதினேன்.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை சாயங்காலம், அப்பா வாக்கரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். டிரெய்லரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“இந்த வண்டி உசிலம்பட்டிப் பக்கம் வரைக்கும் போகுமாடா?”

அவர் கேட்டது வண்டியைப் பற்றி அல்ல.

அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் சொந்த ஊரிலேயே அவருடைய ஒரே தங்கை, என் பேச்சி அத்தை, வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அத்தை மகள் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் பொண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். அப்பா தானே போய் மாலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, திரும்பி வர ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. முகூர்த்தம் போகிறதென்று வேறு யாரோ கைப்பிடித்துக் கூட்டிப் போய்விட்டார்கள். அப்பா மாலையும் கையுமாக மண்டப வாசலில் நின்று பார்த்தார். மாலையை ஒரு நாற்காலியில் வைத்தார். பந்தியில் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

“ஓடி வர்ற ஆளப் பாத்தா விசிலடிச்சு பஸ்ஸையே நிறுத்துவேன்டா நான். எனக்கு ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்த ஆளில்ல.” ஒன்பது வருடமாக அவர் அதைப் பற்றிச் சொன்னது இது மட்டும்தான். அத்தையும் இறங்கி வரவில்லை. இடுப்பு ஆபரேஷனுக்குக்கூட வரவில்லை.

“போகும்ப்பா” என்றேன்.

“பேச்சிகிட்ட முன்கூட்டிச் சொல்லக் கூடாது. வாசல்ல போய் நிக்கணும். அவ ‘வாண்ணே’ன்னா எறங்குவேன். சொல்லலைன்னா வண்டிய அப்படியே திருப்பிரு.”

டிரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்க எனக்கு வராது என்பதை நான் அப்போது சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புவதென்று முடிவானது.

டிரெய்லரின் விளக்குகளுக்கு பிக்கப்பிலிருந்து ஒயர் இழுக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. மீரான் பாய், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து வந்து செய்து தருவதாகச் சொன்னார். அதுவரை காத்திருக்க முடியுமா? வியாழக்கிழமையே நானே ஒரு வீடியோவைப் பார்த்து ஒயரிங் செய்துவிட்டேன். பிளக்கைச் சொருகினால் பிக்கப்பின் ஹெட்லைட் எரிந்தது, அணைக்க முடியவில்லை. நாலு பக்க இண்டிகேட்டரும் மினுங்கின. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது.

பாய்க்கு போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

“தம்பி, அல்லாவுக்காகக் கேக்குறேன். நான் வாரவரைக்கும் அந்த வண்டிய எடுக்காதீங்க.”

ஆனால் அப்பா வெள்ளிக்கிழமை விடிந்ததுமே குளித்து, புது வெள்ளை வேட்டி சட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருடம் கழித்து வந்த மனசு. சாயங்காலம் வரை அது இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? எடுத்துவிட்டேன்.

வண்டியை விற்ற பூக்காரர், பழைய பாசத்தில் இரண்டு ஆளுயர ரோஜா மாலைகளை அனுப்பியிருந்தார். ஒன்றை பிக்கப்பின் முகப்பில் கட்டினேன். இன்னொன்றை டிரெய்லரின் ஜன்னலைச் சுற்றித் தொங்கவிட்டாள் கலா. மாமனார் நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டாள். ஓடுகிற டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்று அப்பாவிடம் விதியைச் சொல்லிப் பார்த்தேன். “விதிய நான் முப்பத்திரெண்டு வருசம் மத்தவனுக்குச் சொன்னவன்டா” என்று ஏறிப் படுத்துவிட்டார். காற்றுப் பட்டால் அவருக்குக் காது குடையும். இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, ஒரு வெள்ளைத் துண்டைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிந்துகொண்டார். ஏதாவது தேவையென்றால் சொல்ல, பழைய கண்டக்டர் விசில் அவர் கையில் இருந்தது. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போகலாம்.

இரண்டு விசில் கேட்டது. புறப்பட்டோம். தெரு முனை தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

இனி நடந்ததை நான் அப்போது பார்த்தபடியே சொல்கிறேன். தேனி ரோட்டில் ஏறியதும் சூட்டு முள் மேலே போக ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தால் அது இறங்கியது. அதனால் இரண்டாவது கியரில், மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஓட்டினேன். முன்னால் பட்டப்பகலில் ஹெட்லைட். பள்ளத்துக்குப் பள்ளம் பிரேக், பிரேக்குக்குப் பிரேக் “பூ...ம்”. டிரெய்லரைப் பிணைத்திருந்த பாதுகாப்புச் சங்கிலி குலுங்கி, கொக்கி இரும்பில் மோதி “டங்... டங்...” என்றது. காற்று பின்பாடியின் இண்டு இடுக்கிலிருந்த பழைய இதழ்களைக் கிளப்பி ரோடெல்லாம் தூவிக்கொண்டே வந்தது.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். பைக்கில் வந்த ஒருவர் ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் வந்த தனியார் பஸ் ஹாரன் அடிக்காமல், எங்களை முந்தாமல், அரை கிலோமீட்டர் பொறுமையாகத் தொடர்ந்து வந்தது. மதுரை மாவட்டத்தில் இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை.

“ஏங்க, எல்லாரும் ஏன் நம்மளப் பாத்துக் கும்பிடுறாங்க?” என்றாள் கலா.

“இந்த மாதிரி வண்டிய இந்தப் பக்கம் யாரு பாத்திருக்கா? மரியாத!” என்று சொல்லி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஒரு அமைச்சரைப் போல எல்லோருக்கும் அசைத்தேன். சிரித்துக்கொண்டே அசைத்தேன்.

(வெட்கப்பட வேண்டிய இடம் என்றேனே, அது இதுதான்.)

செக்கானூரணியில் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, ஆறட்டும் என்று நின்றேன். எதிர்ப்பக்கம் பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அதை ஓட்டி வந்தவர் டிரெய்லர் ஜன்னலருகே போய் உள்ளே பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கள் ஊர் ஆள், பால் ஊற்றுகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது.

“பேச்சியக்காவோட அண்ணந்தான இவரு?”

“ஆமாண்ணே, எங்க அப்பாதான்.”

“எங்க, நம்ம ஊருக்கா?”

“ஆமாண்ணே. அவரு ஆச.”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டி, என் கைகளைத் தொட்டு எடுத்துக்கொண்டார். சாவு வீட்டில் கேதம் விசாரிக்கிறவர்கள் அப்படித்தான் கை தொடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். ஆனால் என் புத்தி அன்றைக்கு ரேடியேட்டரில் இருந்தது. என் கையெல்லாம் கிரீஸ், அதனால்தான் பட்டும் படாமலும் கைகுலுக்குகிறார் என்று நினைத்தேன். “ரொம்ப சந்தோஷம்ணே!” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்து, எங்கள் ஊர்ப் பக்கம் பறந்துவிட்டார்.

வண்டி ஆறி மறுபடி கிளம்பிய பிறகு என் போனுக்குத் தெரியாத எண்களிலிருந்து ஐந்தாறு அழைப்புகள். வழக்கமாக லோன் வேண்டுமா என்று கேட்கிற ஆட்கள்தான். எல்லாவற்றையும் துண்டித்தேன். (அந்தப் பக்கம், “பாவம், பேச முடியல போல” என்று சொல்லியிருக்கிறார்கள்.)

பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். நடுவில் இரண்டு முறை நிறுத்தி ஆற வைத்தேன். எங்கள் வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு ஊர் தயாராக அது தாராளம்.

அத்தை தெருவுக்குள் திரும்பும்போது தூரத்தில் ஷாமியானா தெரிந்தது. கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

“அத்த வீட்டுல ஏதோ விசேஷம் போல” என்றேன். “நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்கோம்.”

கலா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவள் முகம் மாறியது.

“ஏங்க... இது விசேஷத்துக்கு அடிக்கிற மேளம் இல்லைங்க.”

சட்டென்று பிரேக்கை மிதித்தேன். “பூ...ம்” என்றது ஹாரன். “டங்” என்றது சங்கிலி. ஷாமியானாவின் கீழ் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தார்கள். தேனி ரோடு முழுக்க எங்களுக்குக் கிடைத்த மரியாதை எதற்கென்று அந்த ஒரு கணத்தில் எனக்குப் புரிந்தது.

இறங்கி ஓடினேன். அதற்குள் பேச்சி அத்தை தலைவிரி கோலமாக டிரெய்லர் ஜன்னலில் வந்து விழுந்தாள். பின்னால் பெண்கள் கூட்டம். நான் “அத்த, அத்த” என்று கத்தினேன். இரண்டு பெரியவர்கள் என்னை இருபக்கமும் தாங்கிப் பிடித்து, “அழுதுரு மாப்ள, அடக்காத” என்றார்கள்.

அத்தை பாட ஆரம்பித்தாள்.

“ஓடி வந்த சனத்துக்கெல்லாம் – எங்கூடப் பொறந்தவரே
பஸ்ஸ நிறுத்தி ஏத்துனியே!
ஒனக்கு ஒரு அஞ்சு நிமிசம் – இந்தப் பாவி
மேளத்த நிறுத்தலியே!”

பெரியவர்களின் பிடியிலிருந்து திமிறி ஜன்னலை எட்டிவிட்டேன். அத்தையின் தலைக்கு மேலே கண்ணாடிக்குள் பார்த்தேன். அப்பாவின் கண் திறந்திருந்தது. காதிலிருந்த பஞ்சு கையில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே குனிந்து அழும் அத்தைக்கு அது தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். மெதுவாக ஒரு விரலைத் தூக்கி, உதட்டில் வைத்தார்.

நான் சும்மா நின்றேன். ஒரு மகன் செய்யக் கூடாத காரியம் என்று தெரியும். ஆனால் ஒன்பது வருடம் அவர் காத்திருந்தது இதற்குத்தான் என்றும் தெரிந்தது.

“மாலையும் கையுமா நீ – எங்கூடப் பொறந்தவரே
மண்டப வாசல்ல நின்னியே!
மன்னிச்சுக்கன்னு சொல்லாம – இந்தப் பாவி
மொகத்தத் திருப்பிக்கிட்டேனே!”

மேளம் நின்றது. ஆண்கள் பலரும் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். அத்தை அடுத்த வரிக்கு மூச்சு எடுக்க நிறுத்தினாள். பாட்டு வரவில்லை. தெரு முழுக்க அமைதி.

அந்த அமைதியில் டிரெய்லருக்குள்ளிருந்து இரண்டு விசில் கேட்டது.

அதற்குப் பிறகு அங்கே யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியாது. என்னைத் தாங்கிப் பிடித்திருந்த இரண்டு பெரியவர்களில் ஒருவரை நான் தாங்க வேண்டியதாயிற்று. மேளக்காரர் ஒருவர் மேளத்தை விட்டுவிட்டுப் போய், மறுநாள் வந்து எடுத்துக்கொண்டார். ஓடாமல் நின்றது அத்தை மட்டும்தான்.

அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். தாடையில் கட்டின துண்டோடு தலையை வெளியே நீட்டினார்.

“ஏன் நிறுத்திட்ட பேச்சி? நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு.”

“அடப் பாவி மனுசா! உசுரோடயா இருக்க?”

“ஏன், இருக்கக் கூடாதா?”

அத்தை ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் தோளில் நாலு அடி வைத்தாள். பிறகு டிரெய்லரின் படியில் உட்கார்ந்து அழுதாள். இந்த முறை அதில் ராகம் இல்லை. அப்பா உள்ளேயே காத்திருந்தார். அவருடைய கண்டிஷன் எனக்கு நினைவு வந்தது. அத்தையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவளே எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கதவைத் திறந்தாள்.

“வாண்ணே. வீட்டுக்குள்ள வா.”

அன்றைக்கு வந்த சனத்தை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாதென்று அத்தை வீட்டில் கிடா வெட்டினார்கள். சொந்தக்காரர் ஒருவர் அப்பாவுக்குப் போர்த்தக் கோடி வேட்டி எடுத்து வந்திருந்தார். அதை மறைத்துக்கொண்டு நழுவப் பார்த்தவரைக் கூப்பிட்டு, “எனக்குன்னு எடுத்தத நான் கட்டாம யாரு கட்டுவா?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டார் அப்பா. பந்தியில் முதல் இலை அவருக்கு. கையை நனைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாயங்காலம் திரும்பலாம் என்றபோதுதான் நான் பின்னால் எடுக்கத் தெரியாத உண்மையைச் சொன்னேன். டிரெய்லர் தெருவை அடைத்தபடி அத்தை வாசலிலேயே நின்றது. அண்ணனும் தங்கையும் அதன் படியில் உட்கார்ந்து பேசி முடிக்க அது வசதியாக இருந்தது. மறுநாள் மீரான் பாய் பஸ் ஏறி வந்தார். முன்கம்பியைக் கழற்றி, ரேடியேட்டரிலிருந்து ஒரு அன்னக்கூடை நிறையச் செவ்வந்தி இதழை அள்ளிக் கொட்டினார். காற்று போக வழியில்லாமல்தான் அது அம்புட்டு நாளும் சூடேறியிருக்கிறது. பிறகு என் நீல நோட்டை வாங்கி மூன்று பக்கம் படித்தார். மூடிக் கொடுத்தார்.

“நல்ல கையெழுத்து தம்பி” என்றார்.

ஒயரிங்கை அவரே மாற்றினார். வண்டி இப்போது அறுபதில் போகிறது. நான் நோட்டில் மட்டும் எழுதுகிறேன், எதையும் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், “உசுரோட போறோமா, ஊர்வலமாப் போறோமா?” என்று கலா கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒன்றிரண்டு பேர் வேறு அந்த வண்டி வாடகைக்கு வருமா என்று விசாரித்தார்கள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்பாவை அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வாசலில் வண்டி நின்றதும் அவர் இரண்டு விசில் கொடுப்பார். அன்றைக்குப் பாதியில் நின்ற பாட்டைத் தொடரச் சொல்கிறாராம். அத்தை சொம்புத் தண்ணீரோடு வந்து, ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

“மிச்சம் எங்கிட்ட பத்திரமா இருக்குண்ணே. நீ ஒண்ணும் அவசரப்படாத.”

அப்பா சிரிப்பார். பிறகு விசிலை உதட்டில் வைத்து, ஒரே ஒரு விசில் கொடுப்பார்.